ஊர்சுற்றி வந்த பிள்ளைத் துணி

காலை நேரத்து அம்பத்தூர் ரயில் நிலையத்தில் இது அடிக்கடி நடக்கும். இளம் தாய் ஒருவர் நெஞ்சோடு குழந்தையைக் கட்டியிருப்பார். இடுப்பில் அகலமான பெல்ட், இரு தோளிலும் பஞ்சு வைத்த பட்டை. எல்லாம் மாட்டியாகிவிட்டது, பிடரிக்குக் கீழே இரண்டு பட்டையையும் இணைக்கும் ஒரே ஒரு கிளிப் மட்டும் கைக்கு எட்டாது. பக்கத்து பெஞ்சைப் பார்த்து, "அக்கா, பின்னாடி அந்தக் கிளிப்பைக் கொஞ்சம் மாட்டி விடறீங்களா?" என்பார். 'டக்' என்று மாட்டிவிட்டு அந்த அக்காவும் சும்மா இருக்க மாட்டார். "எங்க காலத்துல எல்லாம் ஒரு பழைய புடவை போதும்மா" என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பார்.

அக்கா சொன்னது பாதி சரி. பேபி கேரியர் என்று நாம் காசு கொடுத்து வாங்குவதன் மூலப்பொருள் துணிதான். அந்தத் துணியின் கதையில் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது, பூந்தமல்லிக்கும்கூட. ஆனால் "எல்லாம் நம்மிடம் இருந்ததுதான்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்கு முன்னால், நம்மில் யாரிடம் இருந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ் வீடுகளில் குழந்தைக்கு இரண்டு இடங்கள். நடக்கும்போது அம்மாவின் இடுப்பு, தூங்கும்போது தூளி. பருத்திப் புடவை ஒன்றை உத்தரத்திலோ கொக்கியிலோ கட்டித் தொங்கவிட்டால் தூளி தயார்; நாற்று நடப்போன இடத்தில் வேப்பங்கிளையும் உத்தரம்தான். மாரியம்மன் கோயில்களில் நேர்ந்துகொண்டவர்கள் கரும்புக்கழியில் மஞ்சள் புடவையைக் கட்டி, அதில் பிள்ளையைக் கிடத்தி, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கிப் பிராகாரம் சுற்றுவார்கள். கரும்புத் தொட்டில் என்ற அந்த நேர்த்திக்கடன் இன்றும் சமயபுரத்தில் கூட்டம் கூட்டமாக நடக்கிறது. இரண்டு ஆள் சுமக்கும் பேபி கேரியர் என்றே அதைச் சொல்லலாம்.

பிள்ளையைத் துணியால் உடம்போடு கட்டி, இரு கையையும் வீசி நடப்பது மட்டும் வேறொரு கூட்டத்தாரின் வழக்கம். நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் குறத்தியைத் தேடிப் பாருங்கள். கையில் கூடை, கூடவே பிள்ளைகள். சில தூண்களில் ஒரு பிள்ளை தோளில் மாட்டிய துணிக்குள் இருக்கும். சிற்பி கண்ணால் பார்த்ததைத்தான் செதுக்கியிருக்கிறான். அந்தக் குறவர் வேறு, இன்றைய நரிக்குறவர் வேறு. ஆனாலும் ஆவடி பருத்திப்பட்டில் குடியிருக்கும் நரிக்குறவர் பெண்கள் ஊசிமணி பாசிமணி விற்கப் புறப்படும்போது குழந்தையை ஏணையாகத் தோளில் மாட்டிக்கொள்ளும் விதம் அந்தத் தூண்களுக்கு அந்நியம் இல்லை. வியாபாரத்துக்குக் கை வேண்டும், பிள்ளைக்குப் பால் வேண்டும், இரண்டையும் ஒரு துணி முடித்துவைக்கிறது. அதைப் பார்த்து வீட்டுப் பெண்கள் யாரும் கட்டிப் பழகவில்லை. அது 'அவங்க' செய்வது என்று ஒதுக்கிவிட்டோம்.

இந்த ஒதுக்கல் நம்மூர் வியாதி மட்டும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் துணி எவ்வளவு பழையது என்று பார்ப்போம். மனிதன் செய்த ஆதிக் கருவிகளில் பிள்ளை சுமக்கும் தோலோ நாரோ ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது மானிடவியலாளர் பலரின் ஊகம். கல் கோடரி மிஞ்சும், நார் மட்கிவிடும். ஆகவே அது ஊகமாகவே நிற்கிறது. ஓவியச் சாட்சி வேண்டுமானால் இத்தாலியின் பாதுவா நகருக்குப் போகலாம். 1305-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஒரு தேவாலயச் சுவரில் ஜோத்தோ தீட்டிய ஓவியத்தில், மரியாள் கழுதையின் மேல் அமர்ந்து எகிப்துக்குத் தப்பிப் போகிறார். குழந்தை இயேசு அவர் கழுத்தில் கட்டிய துணியில் உட்கார்ந்திருக்கிறார். ஐரோப்பாவுக்கும் ஒரு காலத்தில் இது சாதாரண விஷயம்.

இப்போது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது ஏரியின் அழகைப் பார்த்து அல்ல. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணிக்கும் சாயத் துணிக்கும் கிழக்கிந்தியத் தீவுகளில் ஏக கிராக்கி. துணியைக் கொடுத்தால் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைக்கும். பொறாமைப்பட்ட ஆங்கிலேயர் தங்களுக்கும் ஓர் இடம் தேடினார்கள். 1639-இல் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தின் மணல்மேட்டில் வந்து நின்றார். துறைமுகம் கிடையாது, அலையில் படகு கவிழும். பிறகு ஏன் இந்த இடம்? துணி இங்கே மலிவு. இடத்தைக் கொடுத்த தாமர்ல வெங்கடப்ப நாயக்கரின் தம்பி அய்யப்ப நாயக்கர் இருந்து ஆண்டது பூந்தமல்லியில். பேரத்தில் அவர் கை பெரிது. சென்னை மாநகரம் பிறந்த கதையை எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு முழம் துணி வந்து விழும்.

அந்தத் துணி லண்டனுக்குப் போனது. அங்கே ஏலத்தில் கைமாறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. போன காரியம் நல்லதல்ல: சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். நீலச் சாயத் துணிகளுக்கு 'கினித் துணி' என்றே வியாபாரப் பெயர். அடிமை வியாபாரம் சட்டப்படி ஒழிந்த பிறகும் துணியின் மேல் அங்கே இருந்த பிரியம் ஒழியவில்லை. நைஜர் நதியின் முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டத் துணியை 'இன்ஜிரி' என்கிறார்கள். பிறப்பு முதல் சாவு வரை அது இல்லாத சடங்கு அவர்களிடம் இல்லை. பிளேடால் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, கட்டத்துக்குள் புதுக்கட்டம் உண்டாக்கும் ஒரு கலையையே வளர்த்துவிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக, பெண்கள் இடுப்பில் சுற்றும் துணிதான் குழந்தையை முதுகில் கட்டும் துணியும். குனிந்து பிள்ளையை முதுகில் படுக்கவைத்து, துணியை அதன் மேல் போர்த்தி, முன்னால் இழுத்து நெஞ்சுக்கு மேல் செருகினால் முடிந்தது. ஊசி இல்லை, முடிச்சுகூடப் பல சமயம் இல்லை.

லாபம் இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டிலேயே மான்செஸ்டர்காரர்கள் இந்தியக் கட்டத் துணியைப் பார்த்து நெய்து ஆப்பிரிக்கச் சந்தைக்கு அனுப்பினார்கள். ஏமாந்தவர்கள் உண்டு. ஆனால் தேர்ந்த கைகள் துணியைத் தடவியும் முகர்ந்தும் எது மெட்ராஸ், எது மான்செஸ்டர் என்று சொல்லிவிடும். 20-ஆம் நூற்றாண்டிலும் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்று 'ரியல்' சேர்த்தே இந்தத் துணி சென்னைச் சுற்றுவட்டாரத் தறிகளிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் நைஜீரியாவுக்குக் கப்பல் ஏறியது. அசலுக்கு அசல் என்று பெயர் வைக்க வேண்டிய நிலைமை அன்றே வந்துவிட்டது.

மறுபக்கம் பசிபிக் வழி. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின; ஆசியத் துணிகள் மூட்டை மூட்டையாகப் போயின. மெக்சிகோக்காரர்கள் கழுத்தில் கட்டும் வண்ணக் கைக்குட்டைக்கு இன்றும் 'பலியகாதே' என்று பெயர். நம் பழவேற்காடுதான் அது. அதே மெக்சிகோவில் 'ரெபோசோ' என்ற நீளத் துப்பட்டா உண்டு. பழங்குடியினர் நெசவு, ஸ்பானிய முக்காடு, ஆசியத் துணி மூன்றும் கலந்து உருவானது அது. பெண்கள் தலையில் போட்டுக்கொள்வார்கள், சந்தைக்குப் போனால் பை, பிள்ளை அழுதால் ஏணை. இந்த ரெபோசோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் மறுபடியும் வரும்.

ஐரோப்பா இந்தப் பழக்கத்தைக் கைவிட்டதற்கு ஒரு பிரபுவும் காரணம். 1733 வாக்கில் டெவன்ஷயர் பிரபு தன் பிள்ளைகளுக்காக, சிறு பிராணி பூட்டி இழுக்கும் குட்டி வண்டி ஒன்றை வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு செய்வித்தார். நூறாண்டு கழித்து அதில் கைப்பிடி முளைத்து, தள்ளும் வண்டியானது. விக்டோரியா ராணி வாங்கினார். பிறகு கேட்க வேண்டுமா? வண்டி தள்ளுகிறவள் சீமாட்டி, துணியில் கட்டுகிறவள் ஏழை என்று ஆயிற்று. வேல்ஸ் நாட்டுக் கிராமங்களில் மட்டும் சால்வையில் பிள்ளையைச் சுற்றித் தூக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டிலும் பிடிவாதமாக இருந்தது. குறத்தியின் ஏணையை நாம் பார்த்த அதே பார்வைதான் அங்கேயும்.

தள்ளுவண்டி நம்மூரில் காலூன்றவில்லை. காரணம் பண்பாடு என்று கட்டுரை எழுதலாம். பாடியிலிருந்து திருமுல்லைவாயில் வரை சி.டி.எச். சாலையோரம் வண்டி தள்ளிப் பார்த்தால் உண்மைக் காரணம் தெரிந்துவிடும். மேற்குப் புறநகர்க் குழந்தைகள் வளர்ந்தது இரண்டு சக்கரத்தின் மேல். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரை ஹெர்குலிஸ் ஊராக்கியது. 1960-களில் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்க் தொழிற்சாலையும் வந்தன. ஷிப்டுக்குப் போகும் அப்பாவின் சைக்கிள் பாரில் குட்டி சீட்டு, பிறகு ஸ்கூட்டரின் முன்னால் பிரம்பு நாற்காலி. தையல் ஆலைகளில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தபோது பிள்ளையைத் தூக்கிவர வழியில்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. சட்டம் சொன்னதை எத்தனை ஆலைகள் கேட்டன என்பதை அங்கே வேலை பார்த்த பெண்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே இப்படி இருக்க, ஆப்பிரிக்காவில் ஒரு நர்ஸ். ஆன் மூர் என்ற அமெரிக்கர் 1960-களின் தொடக்கத்தில் 'பீஸ் கார்ப்ஸ்' தொண்டராக டோகோ நாட்டுக்குப் போனார். முதுகில் கட்டிய குழந்தைகள் அதிகம் அழாததைக் கவனித்தார். ஊர் திரும்பி மகள் பிறந்ததும் தானும் சால்வையால் கட்டிப் பார்த்தார், பிள்ளை நழுவியது. டோகோ பெண்கள் சிறுமியாக இருந்தபோதே தம்பி தங்கையைக் கட்டிப் பழகிய வித்தை, பார்த்தவுடன் வந்துவிடுமா? ஒஹாயோவிலிருந்த தன் அம்மாவிடம் சொல்லி, கால் விட ஓட்டையும் தோளுக்குப் பட்டையும் வைத்த பை ஒன்றைத் தைக்கச் சொன்னார். மகள் கேட்டாள், அம்மா தைத்தார். வழியில் பார்த்தவர்கள் "எனக்கொன்று" என்றார்கள். 1969-இல் காப்புரிமை கிடைத்தது. 'ஸ்னக்லி' என்று பெயர். தையல் வேலை பெருகி அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்களுக்கும் போனது. இன்று நாம் மாட்டும் பட்டைக் கேரியர்களுக்கு இதுதான் பாட்டி, ஒரு கைத்தவறின் பிள்ளை.

அதன் பிறகு உலகமே ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டதுபோல் நடந்தது. ஜெர்மனியில் எரிகா ஹாஃப்மன் என்ற தாய்க்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். ஏற்கெனவே வீட்டில் பிள்ளைகள் உண்டு, கை போதவில்லை. வீட்டில் கிடந்த லத்தீன் அமெரிக்கத் துணியை எடுத்துக் கட்டினார், நான் சொன்ன ரெபோசோவின் சொந்தக்காரத் துணி. பத்திரிகையில் படம் வந்தது, கடிதங்கள் குவிந்தன. 1972-இல் 'டிடிமோஸ்' நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டே ஸ்வீடனில் பேபி பியோர்ன் தன் முதல் கேரியரை விற்றது. 1981-இல் ஹவாயில் ரேய்னர் கார்னர் என்பவர் துணியின் ஒரு முனையில் இரண்டு வளையங்களைத் தைத்தார், அதுதான் ரிங் ஸ்லிங். மறுமுனையை வளையத்துக்குள் விட்டு இழுத்தால் இறுகும், வளையத்தைத் தூக்கினால் தளரும். முடிச்சுப் போடத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல உபாயம் இல்லை. டாக்டர் வில்லியம் சியர்ஸ் அதன் உரிமையை வாங்கிப் புத்தகம் புத்தகமாக எழுதி ஊரெங்கும் பரப்பினார்.

இவற்றுக்கெல்லாம் நடுவே, சந்தைக்கு வெளியே, ஓர் ஏழை மருத்துவமனையில் நடந்ததுதான் என் கணக்கில் பெரிய விஷயம். 1978-இல் கொலம்பியாவின் பொகோதா நகரில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டர் பற்றவில்லை. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், அம்மாவின் வெறும் மார்போடு குழந்தையை ஒட்டிவைத்துத் துணியால் கட்டிவிட்டார். பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு வைத்தியமாகிவிட்டது. 2021-இல் வெளியான உலகச் சுகாதார நிறுவன ஆய்வு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 3,000-க்கும் மேற்பட்ட எடை குறைந்த குழந்தைகளிடம் நடந்தது. பிறந்தவுடனேயே இப்படிக் கட்டிய குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7 சதவீதம். கங்காரு முறை என்று நம் அரசு மருத்துவமனைகளிலும் இதைச் சொல்லித் தருகிறார்கள். அப்பாவும் கட்டலாம், பாட்டியும் கட்டலாம்.

பணம் பெருகியதும் பழைய மான்செஸ்டர் கதை திரும்பியது. 2003-இல் ஹவாயின் மவுய் தீவில் கரின் ஃப்ராஸ்ட், எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் பெல்ட்டோடு 'எர்கோ' கேரியரைக் கொண்டுவந்தார். 2010-இல் அந்த நிறுவனத்தை ஒரு முதலீட்டுக் கம்பெனி சுமார் 9 கோடி டாலருக்கு வாங்கியது. அதே வேகத்தில் போலி எர்கோக்கள் இணையத்தில் குவிந்தன. முகர்ந்து பார்த்து அசலைக் கண்டுபிடிக்கும் கலபாரிக் கிழவி யாரும் ஆன்லைன் கடையில் உட்கார்ந்திருக்கவில்லை. அதே 2010 மார்ச்சில் இன்னொரு அதிர்ச்சி: பைபோல் ஆழமாகத் தொங்கும் ஒருவகை ஸ்லிங்கில் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. ஒரு நிறுவனம் பத்து லட்சம் ஸ்லிங்குகளைத் திரும்பப் பெற்றது. குழந்தை வில்லாக வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். துணி மூக்கை அடைத்தால் சின்னக் குழந்தைக்குத் தலையைத் திருப்பத் தெரியாது. அழக்கூட முடியாது.

இத்தனைக்கும் பிறகு, ஏறத்தாழ பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத்தான் இந்தப் பொருள் ஆவடி, அம்பத்தூர் குடும்பங்களின் ஆன்லைன் பார்சலில் பரவலாக வருகிறது. ஆயிரம் ரூபாய்க்குள்ளும் உண்டு, பத்தாயிரத்தைத் தாண்டியும் உண்டு. கைத்தறிப் பருத்தியில் ரிங் ஸ்லிங் தைக்கும் இந்திய நிறுவனங்களும் வந்துவிட்டன. துணி வட்டமடித்துத் தறிக்கே வந்து சேர்ந்தாயிற்று. பருத்திப்பட்டுப் பெண் கட்டினால் முகம் சுளித்த தெரு, அதே காரியத்தை பக்கிளோடும் பிராண்டோடும் பார்த்ததும் "சூப்பரா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்கிறது. நமக்குப் பிடிக்காமல் போனது துணி அல்ல, கட்டியவர்கள்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வாங்குவதானால் விலையைவிட மூன்று இடத்தைப் பாருங்கள். முதலில் தொடை. துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்பு வரை தாங்க வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கால்கள் நேராகத் தொங்கும் ஒடுங்கிய கேரியர் இடுப்பு மூட்டுக்கு ஆகாது. நம் பாட்டிமார் இடுப்பில் பிள்ளையை அகலக் கால்போட்டு உட்காரவைத்ததில் இது தானாகவே நடந்தது. அடுத்தது முகம். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். கழுத்து நிற்கும் முன் வெளிப்பக்கம் பார்க்க உட்காரவைக்க வேண்டாம். நன்றாக உட்காரப் பழகும் முன் முதுகில் கட்டவும் வேண்டாம். மூன்றாவது, வியர்வை. ஸ்வீடன் குளிருக்குத் தைத்த பஞ்சு கத்திரி வெயிலுக்கு உதவாது. மெல்லிய பருத்தி அல்லது வலைத்துணி போதும். உள்ளே பிள்ளைக்கு ஒரே அடுக்குச் சட்டை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கட்டியபின் அடுப்படிக்குப் போகாதீர்கள். லோக்கல் ரயில் நெரிசலில் எப்போதும் முன்பக்கமே கட்டுங்கள். பிடரிக் கிளிப் எட்டவில்லை என்றால் அதை மாட்டி வைத்தே தலைவழியாக மாட்டலாம்; சட்டை போடுவதைப்போல் பழகிவிடும்.

பேபி கேரியரில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு இருசக்கர வண்டியில் போவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். விழுந்தால் பெரியவரின் எடை முழுவதும் பிள்ளையின் மேல்தான். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை வண்டியில் ஏற்றினால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கு ஏற்ற ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் கொண்டுவந்த திருத்தம் சொல்கிறது. 2023 பிப்ரவரி முதல் அது அமலில் இருக்கிறது. அந்தப் பட்டை வேறு, நடப்பதற்கான கேரியர் வேறு. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், கேட்டு வாங்குங்கள்.